வாய்தா மேல் வாய்தா: கோர்ட்டுக்கு வந்த சாட்சியை ஏன் திருப்பி அனுப்புகிறோம்?

கீழைக்கோர்ட் வக்கீல் எழுதியது:

குற்றவியல் வழக்குகள் ஏன் வருடக்கணக்கில் இழுக்கின்றன என்று கேட்டால், நீதிபதிகள் போதவில்லை என்பதுதான் முதலில் வரும் பதில். அது உண்மை. ஆனால் நடுவர் மன்றத்திலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் அன்றாடம் நிற்கிறவன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. சம்மன் வாங்கி, வேலைக்கு லீவு போட்டு, காலை பத்தரைக்கே வராந்தாவில் வந்து உட்காரும் சாட்சியை, சாயங்காலம் "அடுத்த வாய்தாவுக்கு வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். நான் பார்த்த வரையில் பாதி வழக்குகள் உயிரை விடுவது அந்த வராந்தாவில்தான்.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 309, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 346. விசாரணை தொடங்கிவிட்டால், வந்திருக்கும் சாட்சிகளை விசாரித்து முடிக்கும்வரை நாள்தோறும் நடத்த வேண்டும். சாட்சி வந்திருக்கும்போது ஒத்திவைத்தால் அதற்கான சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது. புதிய சட்டம் இன்னும் ஒரு படி போய், ஒரு தரப்பின் கையை மீறிய சூழ்நிலையில்கூட இரண்டு ஒத்திவைப்புக்கு மேல் கூடாது என்கிறது.

நடப்பதோ வேறு. சாட்சியைக் கூப்பிட்ட தரப்பு கேட்கும் முதல் விசாரணை முடியும். "குறுக்கு விசாரணைக்கு டைம் வேணும்" என்று மனு வரும். வாய்தா விழும். சாட்சி ஊருக்குப் போவார். அந்த இடைவெளியில் யார் யார் அவர் வீட்டுக்கு வந்து பேசினார்கள் என்பது எந்த வழக்குக் கட்டிலும் ஏறாது. அடுத்த முறை கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு என்ற லஞ்ச வழக்கில் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே இருபது மாத இடைவெளி. 2015-ல் உச்ச நீதிமன்றம் இதை மிகக் கடுமையாகக் கண்டித்து, தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் அனுப்பச் சொன்னது. அதற்கும் முன்னால், 2000-ல் ஸ்வரன் சிங் வழக்கிலேயே, சாட்சி சலித்துப்போகும் வரையோ வளைக்கப்படும் வரையோ வாய்தா வாங்குவதே ஒரு தந்திரமாகிவிட்டது என்று சொல்லியாயிற்று.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஏன் நடப்பதில்லை? கோர்ட்டில் வேலை பார்த்தவர்கள், சாட்சி சொல்லப் போனவர்கள், போலீசில் இருந்தவர்கள் மனம்விட்டு எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: நடந்துகொண்டிருக்கும் வழக்குகளின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

சார், நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம்தான் அடிப்படை. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். மாவட்ட நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேல் வழக்குகள் நிலுவை, அவற்றில் 3 கோடிக்கும் மேல் குற்றவியல் வழக்குகள். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 120-வது அறிக்கையில் சொன்னது 1987-ல். அப்போது இருந்தது 10.5. ஐந்தாண்டுகளில் 50-ஐ எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002-ல். இன்றைக்கும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலே 21-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அந்த 25,000 சொச்சம் இடங்களிலும் சுமார் 5,000 காலி.

தலைக்கு ஆயிரக்கணக்கான வழக்கை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு நடுவரிடம் போய் "நாள்தோறும் நடத்து" என்றால் எந்த வழக்கை நடத்துவார்? ஒன்றை நாள்தோறும் நடத்தினால் மற்றவை எல்லாம் நிற்கும். முதலில் ஆளைப் போடட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் எழுதியது:

இருவருமே சரியாகச் சொல்கிறீர்கள், ஆனால் நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. என் பணிக்காலம் முழுக்க அந்த மேசையில்தான் போயிற்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாய்தா தேதியை நீதிபதி சொல்வார் என்று வெளியில் நினைக்கிறார்கள். வழக்கு விசாரணை நடக்கும் கோர்ட்டில் நீதிபதி வாயிலிருந்து தேதி வரும், ஆனால் அது எந்தத் தேதி என்பது பெரும்பாலும் எங்கள் நோட்டில் எங்கே இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வழக்கு போடுவோம். அவ்வளவையும் அன்றைக்கு நடத்த முடியாது என்பது போடும்போதே எங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் போட வேண்டும்? சாட்சி வரமாட்டார், ஐ.ஓ. (வழக்கைப் புலனாய்வு செய்த போலீஸ் அதிகாரி) வரமாட்டார், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், வாரண்டில் இருப்பான், வக்கீல் வாய்தா கேட்பார், கடைசியில் ஏழெட்டுதான் நிற்கும் என்ற நம்பிக்கையில் போடுகிறோம். அந்த நம்பிக்கை பலித்தால் கோர்ட் பன்னிரண்டரைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். பலிக்காமல் நாலு வழக்கில் சாட்சி வந்துவிட்டால் மூன்று பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும். வந்த சாட்சியைத் திருப்பி அனுப்புவது எங்கள் பட்டியலிலேயே எழுதி வைத்த விஷயம்.

இதோடு பகல் பொழுதில் பாதியை ரிமாண்ட், ஜாமீன் மனு, வாரண்டைத் திரும்பப் பெறும் மனு, ஆஜர் பதிவு எல்லாம் தின்றுவிடும். கட்டைத் திறந்து சாட்சியை ஏற்றும்போது மணி மூன்று. பெரிய வழக்கைக் கையில் எடுத்தால் முடியாது என்று நீதிபதிக்குத் தெரியும். ஆகவே ஒப்புக்கொள்ளும் சின்ன வழக்குகளை முடிப்பார். மாதக் கடைசியில் எத்தனை முடித்தாய் என்று மேலே கேட்பார்கள் அல்லவா? எடுத்த எடுப்பில் அபராதம் கட்டிப் போகும் வழக்கும் கணக்கில் ஏறும், இருபது சாட்சி உள்ள கொலை வழக்கும் ஏறும். கொலை வழக்குக்கு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்தாலும், அந்த உழைப்புக்கு ஈடாகாது. பழைய, கடினமான வழக்குகள் அலமாரியில் கீழ்த்தட்டுக்குப் போவது இப்படித்தான்.

நான் ஒரே ஒரு நீதிபதியிடம் வேறு மாதிரிப் பார்த்தேன். திங்கள், வெள்ளி இரண்டு நாளும் ஆஜர், மனு, ஜாமீன். நடுவில் மூன்று நாளும் சாட்சி விசாரணை மட்டும், நாளைக்கு இரண்டே வழக்கு. பத்து நாள் முன்னாலேயே எங்களை அரசு வழக்கறிஞருக்கும் ஸ்டேஷனுக்கும் போன் போடச் சொல்லி யார் யார் வருகிறார்கள் என்று உறுதி செய்வார். வந்த சாட்சி ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. முதலில் வக்கீல்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே தயாராக வந்தார்கள், ஏனென்றால் வாய்தா கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. அவர் மாறுதலாகிப் போனார். அடுத்தவர் வந்ததும் பழையபடி அறுபது.

புள்ளிக்கணக்கு தம்பி, ஆள் வேண்டும்தான். ஆனால் புதிதாகப் பத்துப் பேரைப் போட்டு அவர்களும் நாளைக்கு அறுபது வழக்கு போட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

மலர்விழி எழுதியது:

பெஞ்ச் கிளார்க் ஐயா எழுதியதைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் புருஷன் வெட்டியதை நேரில் பார்த்தவள் நான். போலீசிடம் சொன்னேன், மாஜிஸ்திரேட் முன்னாலும் வாக்குமூலம் கொடுத்தேன். அப்புறம் பல வருடம் சத்தமே இல்லை. திடீரென்று ஒரு நாள் சம்மன்.

போனால் எதிரியும் அவன் அண்ணன் தம்பிகளும் அதே வராந்தாவில், எனக்கு எதிரிலேயே நிற்கிறார்கள். சாட்சிகளுக்கென்று தனியாக ஓர் அறை கிடையாது. பெண்களுக்கான கழிப்பறை பூட்டியிருந்தது. மதியம் வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். இப்படிப் பலமுறை. ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலிகூடத் தேறாத படிப்பணத்துக்கு ஒரு படிவத்தில் கையெழுத்து, அதுவும் கைக்கு வந்தபாடில்லை. என் முதலாளி "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று கேட்டார். என் அம்மாவும் அதையேதான் கேட்டாள்.

கடைசியில் கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது: அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம், மணி சரியாக எத்தனை, தெருவிளக்கு எரிந்ததா. இத்தனை வருடம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? தெரியவில்லை என்றால் பொய்ச்சாட்சி, தெரியும் என்றால் போலீஸ் சொல்லிக்கொடுத்தது. நான் பார்த்தது அந்தப் பெண்ணின் முகத்தை. அது மறக்கவே இல்லை, ஆனால் அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் மாற்றிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

கீழைக்கோர்ட் வக்கீல் எழுதியது:

மலர்விழி அம்மா, நீங்கள் நின்றதற்கு நன்றி. சட்டை நிறம் கேட்கும் அந்தக் கேள்வியை நானும் எதிரி தரப்பில் நின்று கேட்கிறவன்தான். ஐம்பது நாளில் கேட்டால் அது நியாயமான சோதனை. ஐந்து வருடம் கழித்துக் கேட்கும்போது அது பொய்யையும் மறதியையும் பிரித்துக் காட்டும் சக்தியை இழந்துவிடுகிறது. குற்றம் செய்யாதவனுக்கும் இதே கதிதான். தான் அன்றைக்கு வேறு ஊரில் இருந்ததற்கு அவன் காட்டக்கூடிய சாட்சியும் மறந்துபோயிருக்கும், செத்துக்கூடப் போயிருக்கும்.

சாட்சிப் பாதுகாப்புக்கு 2018-ல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு திட்டத்தையே ஏற்று, சட்டம் வரும்வரை அதுதான் சட்டம் என்று அறிவித்தது. பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் தனி வாக்குமூல அறை அமைக்க வேண்டும் என்றும் அதில் சொன்னார்கள். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 398 ஒவ்வொரு மாநிலமும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் கொண்டுவர வேண்டும் என்கிறது. தனக்கு மிரட்டல் இருந்தால் இந்தத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று சம்மனோடு ஒரு தாள் சேர்த்துக் கொடுத்தால்கூடப் போதும், பலருக்குத் தெரிய வரும்.

முன்னாள் எஸ்.ஐ. எழுதியது:

போலீஸ் பக்கத்தையும் கேளுங்கள். சம்மனை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு ஒரு ஸ்டேஷனில் இருப்பது ஒருவரோ இருவரோ. பந்தோபஸ்து என்றால் அவர்களையும் இழுத்துக்கொள்வார்கள். சாட்சி வேலை தேடி வேறு மாவட்டம் போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும். "முகவரியில் இல்லை" என்று எழுதித் திருப்புவதைத் தவிர அந்தக் காவலரால் என்ன செய்ய முடியும்?

அடுத்தது தடய அறிவியல் ரிப்போர்ட். ரத்தக்கறை படிந்த துணியையும் உள்ளுறுப்பையும் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 176(3)-ன்படி ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கே வர வேண்டும் என்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அதனால் ஆய்வகத்துக்குப் போகும் பொருட்கள் பெருகும். ஆய்வாளர்கள் எண்ணிக்கை அதே வேகத்தில் பெருகாவிட்டால், குற்றப்பத்திரிகை 60 நாள், 90 நாளுக்குள் வந்துவிடும், ரிப்போர்ட் வராது, வழக்கு அங்கேயே நிற்கும்.

மூன்றாவது, மாறுதல். வழக்கை விசாரித்த ஐ.ஓ. மூன்று ஸ்டேஷன் மாறியிருப்பார், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மேற்படிப்புக்குப் போயிருப்பார். இவர்களுக்காகவே எத்தனையோ வழக்கு கடைசிக் கட்டத்தில் தொங்குகிறது. பிரிவு 336-ல் அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் வந்து சாட்சி சொல்லலாம் என்று வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் புதிய சட்டத்தில் உருப்படியான மாற்றம் அதுதான்.

கீழைக்கோர்ட் வக்கீல் எழுதியது:

> அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் வந்து சாட்சி சொல்லலாம்

எஸ்.ஐ. சார், இந்த ஒன்றில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. காயத்தை நேரில் பார்க்காத டாக்டரிடம், அந்தக் காயம் விழுந்ததாலா அடித்ததாலா என்று நான் என்ன கேட்பது? ரிப்போர்ட்டில் இருப்பதைப் படித்துக் காட்டுவார். தூக்குத் தண்டனை வரை போகக்கூடிய வழக்கில், எழுதியவரைக் கேள்வி கேட்கும் உரிமையை வேகத்துக்காக விட்டுக்கொடுக்க முடியாது. எழுதியவர் இறந்துவிட்டார் என்றால் வேறு வழியில்லை. மாறுதலாகிப் போனவரை ஏன் காணொளியில் கூப்பிடக் கூடாது? அதே சட்டத்தில் அதற்கு வழியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்தே அரை மணி நேரத்தில் சாட்சி சொல்லிவிட்டு நோயாளியைப் பார்க்கப் போகலாம்.

முன்னாள் எஸ்.ஐ. எழுதியது:

காணொளிக்கு நான் எதிரி இல்லை. அன்றைக்கு நெட் இல்லை என்று ஒரு வாய்தா, டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார் என்று இன்னொரு வாய்தா என்று போகாமல் இருந்தால் சரி. என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

டொராண்டோ தமிழன் எழுதியது:

இங்கே கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். 2016 ஜூலையில் ஜோர்டன் என்ற வழக்கில் எங்கள் உச்ச நீதிமன்றம் கறாராக எண் போட்டுவிட்டது. குற்றம் சாட்டிய நாளிலிருந்து விசாரணை முடிய மாகாண நீதிமன்றத்தில் 18 மாதம், மேல் நீதிமன்றத்தில் 30 மாதம். எதிரி தரப்பு உண்டாக்கிய தாமதத்தைக் கழித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால், விதிவிலக்கான காரணத்தை அரசு காட்டாத வரை, வழக்கு நிறுத்தப்படும். அவ்வளவுதான், மறுபடி தொடுக்க முடியாது.

நல்லது நடந்ததா என்றால், நடந்தது. அரசு வழக்கறிஞர்கள் ஆதாரங்களைச் சீக்கிரம் கொடுக்கத் தொடங்கினார்கள், நீதிபதி நியமனங்களுக்கு நெருக்கடி வந்தது. கெட்டதும் நடந்தது. மொன்றியலில் நம் சமூகத்துப் பெண் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட கணவர் ஏறக்குறைய ஐந்து வருடம் சிறையில் காத்திருந்தார். 2017-ல் வழக்கே நிறுத்தப்பட்டது. அவர் குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்காகக் கேட்க இனி ஒரு மேடையும் இல்லை. இங்கே தமிழ்க் குடும்பங்களில் அதைப் பேசாத வீடு அப்போது குறைவு.

இந்தியாவில் இப்படி எண் போடலாம் என்று யாராவது நினைத்தால், இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

இந்தியாவிலும் போட்டுப் பார்த்தார்கள் அண்ணா. விரைவான விசாரணை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று 1979-லேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சொல்லியாயிற்று. பீகார் சிறைகளில், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையையும் தாண்டி விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் வழக்கு அது. தொண்ணூறுகளில் சில தீர்ப்புகள் காலக்கெடு வைத்தன. 2002-ல் ராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, இப்படி வெளி எல்லை வகுப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று அவற்றை நீக்கிவிட்டது.

கனடா அளவுக்கு நீதிமன்ற வசதி இருக்கும் நாட்டிலேயே கொலை வழக்கு விழுகிறது என்றால், இங்கே அந்த விதி வந்தால் முதலில் பயன்பெறுவது பணமுள்ள எதிரிகள்தான்.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

எங்கட பக்கத்து நிலைமையையும் சொல்ல வேணும். இலங்கையில நீதவான் நீதிமன்றத்தில விளக்கமறியல் (உங்கட ரிமாண்ட்) 14 நாளுக்கு ஒருக்கா நீடிச்சுக்கொண்டே போகும். பாரதூரமான வழக்கெண்டால் சட்டமா அதிபர் திணைக்களத்தில இருந்து குற்றப்பகர்வுப் பத்திரம் (உங்கட குற்றப்பத்திரிகை மாதிரி) மேல் நீதிமன்றத்துக்கு வர வேணும். போதைப்பொருள் வழக்கெண்டால் அரச பகுப்பாய்வாளர் திணைக்கள அறிக்கை வர வேணும். இந்த ரெண்டுக்கும் காத்திருந்து காத்திருந்தே ஆக்களின்ர இளமை போகுது. 1979-ல கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிபட்ட எங்கட பொடியள் எத்தனை பேர் பத்து, பதினைஞ்சு வருசம் இருந்திட்டு, ஆதாரம் இல்லையெண்டு வெளியில வந்தவங்கள். அவைக்கு ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

அதால, வழக்கு விழுந்திடுமோ எண்டு பயப்பிடுறதை விட, ஆள் உள்ளுக்கு எவ்வளவு காலம் கிடக்குது எண்டதைத்தான் நான் முதலில பார்ப்பன். வழக்கு ஆறுதலாப் போகட்டும், ஆளை வீட்டில இருக்க விடுங்கோ.

மலர்விழி எழுதியது:

யாழ்ப்பாணத்து அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் "ஆறுதலாப் போகட்டும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரி ஜாமீனில் வெளியே வந்து என் தெருவிலேயே நடந்தான். வழக்கு ஆறுதலாகப் போன ஒவ்வொரு மாதமும் நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

சட்டக்கல்லூரி மாணவி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், 2025 ஜூன் 2-ம் தேதி 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை வந்துவிட்டது. சம்பவத்திலிருந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே மகளிர் நீதிமன்றங்கள், அதே சட்டம். அப்படியானால் முடியும் என்பதுதானே அர்த்தம்? எல்லா வழக்குக்கும் ஏன் முடியவில்லை?

இன்னொன்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புப் பேரம் பேசும் முறை 2006 முதல் இருக்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள், கோர்ட்டில் பார்த்ததே இல்லை.

கீழைக்கோர்ட் வக்கீல் எழுதியது:

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம் பாப்பா. ஒப்புக்கொண்டால் 'தண்டனை பெற்றவர்' என்ற முத்திரை விழும், அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போகும். காத்திருந்தால் சாட்சி மாறி விடுதலையாகவே வாய்ப்பு அதிகம். தாமதமே லாபமாக இருக்கும் இடத்தில் யார் பேரத்துக்கு வருவார்கள்?

முதல் கேள்விதான் முக்கியம். அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் நேரடியாகச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன், ஆய்வகம், அரசு வழக்கறிஞர், கோர்ட் நான்கும் ஒரே தேதியைப் பார்த்து வேலை செய்தன. அது எல்லா வழக்குக்கும் கிடைக்க வேண்டியது. இப்போது செய்தியில் வந்த வழக்குக்கு மட்டும் கிடைக்கிறது.

தருமபுரி மண் எழுதியது:

செய்தியில் வந்த வழக்குக்கும் கிடைக்காது தோழர், பாதிக்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்தது. வாச்சாத்தியை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஒரு பழங்குடி ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றுதான் அரசு முதலில் சொன்னது. சி.பி.ஐ. விசாரணைக்கே 1995 வரை போராட வேண்டியிருந்தது. தருமபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29, சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து.

அந்த 54 பேர் தீர்ப்பைக் கேட்காமலே போனார்கள். காத்திருந்த ஊர்க்காரர்களிலும் எத்தனையோ பேர் கேட்காமலே போனார்கள். ஆனாலும் அந்தப் பெண்கள் சாட்சியை மாற்றவில்லை. ஏன் தெரியுமா? ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலைவாழ் மக்கள் சங்கத்து ஆட்களும் வழக்கறிஞர்களும் கூடவே போய் நின்றார்கள். தனியாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மலர்விழி சகோதரியோடு துணைக்கு நிற்க யாரும் வரவில்லை. சாட்சிக்குத் துணை நிற்க ஓர் ஆளைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக ஒவ்வொரு கோர்ட்டிலும் நியமிக்க வேண்டும். நான் கேட்பது அதுதான்.

வேகநீதி எழுதியது:

இத்தனை எழுதியும் ஒன்றும் ஆகப்போவதில்லை. முப்பது வருடம் கழித்துக் கிடைக்கும் நீதிக்கு என்கவுன்டரே மேல் என்று ஜனங்கள் சொல்வதில் தப்பே இல்லை.

முன்னாள் எஸ்.ஐ. எழுதியது:

தப்பு இருக்கிறது தம்பி. காக்கிச் சட்டை போட்டவனாகவே சொல்கிறேன். 2019-ல் ஹைதராபாத்தில் பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டபோது நாடு முழுக்கப் பூ தூவிக் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல், அவர்களைக் கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், அவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்று அறிக்கை கொடுத்தது. கோர்ட் தாமதிக்கிறது என்ற கோபத்தைப் போலீஸ் கையில் துப்பாக்கியாகக் கொடுத்தால், நாளைக்கு அது யார் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பேச்சு வேண்டாம்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் எழுதியது:

இழை வேறு பக்கம் போகாமல், செய்யக்கூடியதைப் பேசுவோம். என் அனுபவத்தில் பணம் அதிகம் கேட்காத காரியங்கள் சில உண்டு. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு கோர்ட்டில் வழக்கு எண் விழாமல் கிடக்கும் கட்டுகளை வாரம் ஒருமுறை எண்ணி மேலே அனுப்ப வேண்டும். "குறை உள்ளது" என்று திருப்பி, மறுபடி வந்து, மறுபடி திருப்பியே ஒரு வருடம் போகிறது, இந்தத் தாமதம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. பல எதிரிகள் உள்ள வழக்கில் ஒருவன் தலைமறைவு என்றால் அவன் வழக்கை உடனே பிரித்துவிட்டு மற்றவர்களை நடத்த வேண்டும். இப்போது அவனுக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள், சிறையில் இருப்பவனும் சேர்த்து. செக் மோசடி வழக்குகளைக் குற்றவியல் நடுவரிடமிருந்து எடுத்துத் தனி கோர்ட்டுக்கு முழுசாகக் கொடுக்க வேண்டும். 35 லட்சத்துக்கும் மேல் செக் வழக்குகள் நிலுவை என்று 2021-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. கடன் வசூலுக்காகக் கொலை வழக்கு காத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சி விசாரணைக்கென்று ஒதுக்கிய நாளில் இரண்டு, மூன்று வழக்குக்கு மேல் போடக் கூடாது என்று உயர் நீதிமன்றமே சுற்றறிக்கை போட வேண்டும். நீதிபதி மாறினாலும் மாறாத விதியாக இருக்க வேண்டும். வந்த சாட்சியை விசாரிக்காமல் அனுப்பினால் அந்த எண்ணிக்கையும் மாத அறிக்கையில் ஒரு கட்டமாக வர வேண்டும். முடித்த வழக்கை எண்ணுகிறோம், திருப்பி அனுப்பிய மனிதரை எண்ணுவதில்லை.

புள்ளிக்கணக்கு எழுதியது:

அந்தக் கட்டம் நல்ல யோசனை ஐயா. எண்ணாத எதையும் யாரும் சரிசெய்ய மாட்டார்கள். ஆனால் நாளைக்கு மூன்று வழக்கு என்றால் மீதி வழக்குகளுக்கு வாய்தா இன்னும் தள்ளிப் போகும், அந்தக் கூச்சலைத் தாங்க நீதிபதிகள் எண்ணிக்கை கூடியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நிற்கும் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

புதிய உறுப்பினர் எழுதியது:

வணக்கம். இதைப் படிக்கத்தான் கணக்கு தொடங்கினேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் திருட்டு வழக்கில் உள்ளே இருக்கிறார், ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுதான் முதல் வழக்கு. மூன்று வருடம் வரை தண்டனை உள்ள பிரிவு என்று சொன்னார்கள். ஜாமீன் கிடைத்தும் இரண்டு ஷூரிட்டி (பிணை நிற்கும் ஆள்) கேட்டார்கள், எங்களுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. வக்கீலுக்குக் கொடுக்கவும் பணம் இல்லை. என்ன செய்யலாம்?

கீழைக்கோர்ட் வக்கீல் எழுதியது:

தம்பி, கவனமாகப் படியுங்கள். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் பிடியுங்கள்.

முதலாவது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 479. முன்பு தண்டனை பெறாத, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால், கோர்ட் அவரைப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மூன்று வருடம் என்றால் ஒரு வருடம். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்கு மனுப் போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே சட்டத்தில் இருக்கிறது. ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள்: அவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. தூக்கோ ஆயுளோ உள்ள குற்றத்துக்கும் பொருந்தாது.

இரண்டாவது, ஏற்கெனவே கிடைத்த ஜாமீன். ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். இது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்.

நாளைக்குக் காலையிலேயே உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குற்ற எண், ஸ்டேஷன், ரிமாண்ட் ஆன தேதி, ஜாமீன் உத்தரவின் நகல் இவற்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் எழுதியது:

ஜாமீன் உத்தரவு நகல் இல்லையென்றாலும் போங்கள் தம்பி, கோர்ட்டின் இணையதளத்தில் வழக்கு எண் போட்டால் விவரம் கிடைக்கும். ரிமாண்ட் தேதி தெரியவில்லை என்றால் சிறையில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள், எங்கே தடங்கல் என்றாலும் பார்த்துச் சொல்கிறேன்.